பிளீச் போத்தல் குறையவில்லை

2025 ஜனவரி 29, புதன்

காலையில் ஒரு பிலிம் சுருள் கழுவினேன். சாய்ந்தமருதில் எடுத்த நாற்பதாம் நாள் பிள்ளை. பரவாயில்லை. நெகட்டிவ் கொஞ்சம் கறுத்த மாதிரிப் பட்டது. அந்த வீட்டுக்குள் வெளிச்சம் கஞ்சத்தனம் என்று ஒளியைக் கூடுதலாக விட்டிருப்பேன், அதனால் இருக்கும்.

சீனி கேட்டு வந்த எதிர்வீட்டு ராத்தா என் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த நாத்தம் புடிச்ச தண்ணியெல்லாம் வெச்சிக்கிட்டு என்ன புள்ள செய்றாய், போன்ல டக்கெண்டு எடுத்துக் குடுக்கலாந்தானே," என்றா. சீனியைக் கொடுத்து அனுப்பினேன். இந்தக் கல்முனையில் என் தொழிலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் இல்லை. பிலிம் என்றால் என்னவென்று தெரிந்த ஆளும் இல்லை.

போனில் எடுத்த படம் எங்கே போகும் என்று அவவுக்குத் தெரியாதா? ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பிள்ளையின் கலியாணப் படம், பெண்கள் பக்கத்தில் முக்காடில்லாமல் எடுத்தது, யாரோ ஒருத்தியின் போனிலிருந்து வெளியே போய்விட்டது. ஒலுவில் துறைமுகத்தில் மீன் வாங்கப் போன அவளுடைய தம்பியிடமே ஒருவன் அதைக் காட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளை மூன்று மாதம் வாசலுக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். நான் பிலிமில் எடுப்பேன். என் வீட்டில் நானே கழுவுவேன். இன்டர்நெட் இல்லாத கம்பியூட்டரில் ஸ்கேன் பண்ணிப் பிரின்ட் போடுவேன். பிறகு நெகட்டிவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே கம்பியூட்டரில் இருப்பதையும் அழிப்பேன். இதுதான் என் பேச்சு. இதுவரை தவறியதில்லை.

பிலிம் கழுவுகிற மருந்து கேதீஸ்வரன் அனுப்புவது. சொந்த ஊர் பாண்டிருப்பு, வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தானே கலந்து விற்கிறார். பிளீச்சும் பிக்ஸரும் ஒன்றாய்க் கலந்த போத்தலும் அவரிடம் உண்டு. வேலை சுருக்கம்தான், ஆனால் அது சீக்கிரம் செத்துப்போகும். நான் இரண்டையும் தனித்தனியாகவே வாங்குகிறேன். டெவலப்பர் நிறத்தை எழுப்பும், கூடவே கரிய வெள்ளியையும் எழுப்பும். பிளீச் அந்த வெள்ளியை மாற்றிப்போடும், பிக்ஸர் அதைக் கழற்றிக்கொண்டு போகும். மிஞ்சுவது நிறம் மட்டும். பிளீச் ஒழுங்காய் வேலை செய்யாவிட்டால் நிறத்தின் மேல் கரி படிந்த மாதிரி வெள்ளி அப்படியே கிடக்கும்.

பிளீச்சை ஒருக்கா பாவித்துவிட்டுக் கொட்டுவதில்லை. திரும்பப் போத்தலில் ஊற்றி வைப்பேன். இது செப்டம்பரில் வாங்கியது, இன்றைக்குப் பன்னிரண்டாவது தரம். முதல் நாள் கீறிய கோட்டுக்கு நேராகவே இன்றும் நிற்கிறது. டெவலப்பர் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் குறைகிறது. பிளீச் ஒரு சொட்டும் குறையவில்லை. உம்மாவுக்குக் காட்டினேன்.

"பறக்கத்து மகள், அல்லாஹ் குறையாம வெச்சிரிக்கான். பிஸ்மி சொல்லித்தானே ஊத்துறாய்," என்றா.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 2, ஞாயிறு

ஹப்ஸா மாமி வந்தா. சொந்த மாமி இல்லை, ஊரில் எல்லாருக்கும் மாமி. மகள் ஆகிலாவுக்கு வியாழன் கலியாணம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றபடியே சட்டம் போட்டா.

"பொம்புளையள் பக்கம் ஒரு போனும் வராது. வாசல்ல வாங்கி வெச்சிருவன். நீ மட்டுந்தான் எடுக்கிற. நெகட்டிவ் எல்லாம் என்ட கையில வரணும்."

"அது என்ட சட்டமும்தான் மாமி," என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தா. எனக்கு அவவைப் பிடித்துவிட்டது.

பெப்ரவரி 6, வியாழன்

நான்கு சுருள். கால் உளைகிறது. வாசலில் ஓலைப் பெட்டி நிறையப் போன், மேலே ஒரு துவாய் போட்டு மூடி, பக்கத்தில் ஒரு மூத்தம்மா காவல். மாப்பிள்ளையின் சொந்தத் தங்கைக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆகிலா அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அந்தக் கூறைச் சேலையின் சிவப்பை நினைக்க நினைக்க இப்போதே கழுவிப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது.

பெப்ரவரி 8, சனி

நான்கையும் கழுவினேன், டேங்குக்கு இரண்டாக. எல்லாம் வழமைபோல. வெந்நீர்ப் பேசினில் போத்தல்கள், முப்பத்தெட்டு பாகை. டெவலப்பர், பிறகு மூன்று தரம் தண்ணீர், பிளீச், திரும்ப மூன்று தரம் தண்ணீர், பிக்ஸர். தொழுகைக்கு ஒளுச் செய்யும்போதும் மூன்று, பிலிமுக்கும் மூன்று. கை தானாகச் செய்யும்.

கொடியில் தொங்குகிறது. கறுப்பு. ஈரத்தில் அப்படித்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காய்ந்த பிறகும் அப்படித்தான் இருக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. ஸ்கேன் பண்ண வழியில்லை. ஜன்னலில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக் கண் வலிக்கிறது.

பெப்ரவரி 10, திங்கள்

சேறு.

வேறு சொல் இல்லை. கூறையின் சிவப்பு அடுப்படிச் சுவர் நிறத்தில். ஆகிலாவின் முகத்தில் சாம்பல் பூசிய மாதிரி. நிறம் உள்ளே எங்கேயோ இருக்கிறது, வெளியே வரவில்லை. நூற்று நாற்பத்து நான்கு படமும் ஒரே மாதிரி. கம்பியூட்டரில் என்னென்ன இழுக்கலாமோ எல்லாம் இழுத்துப் பார்த்தேன். சாம்பல் மஞ்சளாகிறது, அவ்வளவுதான்.

யாருடைய பிழை? வெப்பமானி சரி, உம்மாவின் காய்ச்சல் மானியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கிணறு அதே கிணறு. கரண்டையும் குறை சொல்ல முடியாது, அது போனது ஞாயிறு, நான் கழுவியது சனி. டெவலப்பர் புதிது. மிச்சம் இருப்பது பிளீச். கேதீஸ்வரனின் பிளீச்.

பழைய சரக்கை லேபல் மாற்றி அனுப்பியிருக்கிறார். அல்லது கலக்கும்போது அளவில் கை வைத்திருக்கிறார். கல்முனையில் இருக்கும் பொம்பிளைக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருக்கப்போவதில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஹப்ஸா மாமியின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

மாதிரிக்குப் போட்ட சின்னப் பிரின்ட்களை மேசையில் பரப்பினேன். மருந்தில் கோளாறு, கொழும்புக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், மாமி ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கிறா. ஆகிலா ஒன்றை எடுத்தாள். அதிலே தன்னையே தேடுகிற மாதிரிப் பார்த்தாள். அதைத் தாங்க முடியவில்லை.

"ஒரு போனையும் உள்ளுக்கு விடல்ல நான்," என்றா மாமி கடைசியில். "மாப்புளட ஆக்கள் மொகத்த முறிச்சிக்கிட்டுப் போனாங்க. ஒன்ட சொல்ல நம்பித்தானே. இப்ப என்ட புள்ளைக்குக் கலியாணம் நடந்ததுக்கு ஒரு படம் இல்ல."

"மருந்து மாமி—"

"மருந்த நான் கண்டனா? ஒன்னத்தான் கண்ட. நெகட்டிவத் தா."

கொடுத்தேன். நான்கு சுருளும் ஆறு ஆறாய் வெட்டி உறையில் போட்டபடி. "மத்ததையும் அழி," என்றா. வீட்டுக்குக் கூடவே வந்து நின்றா. அவவின் முன்னாலேயே கம்பியூட்டரில் இருந்த அத்தனையையும் அழித்தேன். பேச்சு என்றால் பேச்சு. எனக்கும் வீம்பு.

அந்த மனிதன் என் பெயரைக் கெடுத்துவிட்டான்.

பெப்ரவரி 12, புதன்

கேதீஸ்வரனோடு போனில் கதைத்தேன். சத்தம் போட்டேன் என்றே எழுதலாம். என் கணவர் இன்ஸாப் பாடசாலையிலிருந்து வந்து வாசலில் சப்பாத்தோடு நின்று கேட்டுவிட்டு, திரும்பக் கடைக்குப் போய்விட்டார். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிற மனிசனுக்கு என் சத்தம் பயமாம்.

அந்த ஆள் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"எத்தின தரம் பாவிச்சீங்க தங்கச்சி?"

"அது என்ன கேள்வி? இருவது தரம் போகும் எண்டு போத்தல்ல எழுதியிரிக்கீங்க."

"ஓம், எழுதியிருக்கன். ஒரு துண்டு பிலிம் வெட்டி, வெளிச்சத்தில வெச்சுக் கறுப்பாக்கி, அந்தப் பிளீச்ல போட்டுப் பாருங்களன். பத்து நிமிசத்து வேலை."

சோதனை. எனக்குச் சோதனை வைக்கிறார். ஐந்து வருடமாய் ஊர் முழுக்கக் கலியாணம் எடுத்தவளுக்கு, இன்றைக்குத்தான் பிலிமைக் கண்ட பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி.

அதோடு விடவில்லை. "நெகட்டிவ் கையில இருக்கா? பிளீச் குறைஞ்சதெண்டா படம் சாகேல்ல. வெள்ளி மேல கிடக்கு, அவ்வளவுதான். நல்ல பிளீச்ல திரும்பப் போட்டா வரும்," என்றார். எப்படி இருக்கிறது கதை. கெட்ட போத்தலை விற்ற வாயோடே இன்னொரு போத்தல் விற்கப் பார்க்கிறார். போனை வைத்துவிட்டேன்.

பின்னேரம் பேஸ்புக்கில் பிலிம்காரர்களின் குழுவில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். பெயரோடு. போத்தலின் படத்தோடு.

பெப்ரவரி 13, வியாழன்

நாற்பத்தேழு கோபமுகம். யாழ்ப்பாணத்தில் ஒருவர், "நானும் அவரிடம் வாங்க இருந்தேன், காப்பாற்றினீர்கள்," என்று எழுதியிருக்கிறார். நல்லது.

பெப்ரவரி 15, சனி

கொழும்பு பஸ்ஸில் ஒரு பார்சல். கொண்டக்டர் அழைத்துச் சொல்லி, இன்ஸாப் போய் எடுத்து வந்தார். கேதீஸ்வரனிடமிருந்து. சின்னப் போத்தல் ஒன்றும் கடிதமும் என்று தடவிப் பார்க்கத் தெரிகிறது. குழுவில் இத்தனை பேர் திட்டியதும் லஞ்சம் அனுப்புகிறார்.

"தொறந்து பாரன்," என்றார் இன்ஸாப்.

"நீங்க பாருங்க."

"எனக்கென்ன தெரியும், நான் கணக்கு வாத்தி," என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

பார்சல் மேசையில். திறக்கவில்லை. திறந்தால் அவர் சொன்னதைக் கேட்டதாய்ப் போய்விடும்.

பெப்ரவரி 17, திங்கள்

திறந்தேன். அவரை நாறடிக்கத்தான் திறந்தேன், அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வீடியோ எடுத்துக் குழுவில் போடலாம் என்று போனையும் சாத்தி வைத்தேன்.

கடிதத்தில் ஐந்து வரி. "ஒரு துண்டு பிலிமை வெளிச்சம் படவிட்டு டெவலப்பரில் போட்டுக் கறுப்பாக்குங்கள். இரண்டாய் வெட்டுங்கள். ஒன்று உங்கள் பிளீச்சில், ஒன்று இதில். பால் தேத்தண்ணி நிறத்துக்கு வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பிறகு கதைப்போம்."

இரண்டு ஜாம் போத்தல் எடுத்தேன். அவர் அனுப்பியதை ஊற்றினேன், சாயம் கூடிய கட்டைத் தேத்தண்ணி மாதிரி இருந்தது. என்னுடையதை ஊற்றினேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது, அதே தேயிலையில் இரண்டாம் தண்ணீர் ஊற்றிய மாதிரி. தனியாகப் பார்த்தபோது ஒரு நாளும் தெரியவில்லை.

அவருடையதில் நான்கு நிமிடத்தில் வெளுத்தது. என்னுடையது பத்து நிமிடத்துக்குப் பிறகும் சாம்பல். இருபது நிமிடம் விட்டேன். சாம்பல்.

உடனே அழைத்தேன். பார்த்தீர்களா, நீங்கள் விற்றது பழுது, வீடியோ இருக்கிறது என்றேன்.

"இப்ப அனுப்பினதும் அதே செப்டம்பர்ப் பீப்பாதான் தங்கச்சி. கான்ல மிச்சம் இருந்தத ஊத்தி அனுப்பினன்," என்றார். "உங்கட போத்தல்ல எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"ஒண்டும் குறையல்ல. கோட்டுக்கு நேரே நிக்கிது." பெருமையாகச் சொன்னேன். அதுவும் பெருமையாக.

பிறகு, "ஒவ்வொரு தரமும் பிலிமோட கொஞ்சப் பிளீச் வெளிய போகும்தானே. அப்ப குறையாம இருக்கிறதுக்கு உள்ளுக்கு என்ன வந்தது?" என்றார்.

போத்தலைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தேன்.

"கழுவின தண்ணிய வடிய விடுறீங்களா?"

போனை வைத்தேன். வெறும் டேங்கில் பழைய பிலிம் சுற்றி, மூன்று தரம் தண்ணீர் விட்டு ஊற்றினேன், நான் எப்போதும் ஊற்றுகிற மாதிரி. பிறகு மூடியைத் திறந்து அரை நிமிடம் கவிழ்த்துப் பிடித்தேன். வடிந்ததை இருமல் மருந்து மூடியால் அளந்தேன். நாற்பத்தைந்து மில்லி. சுருள் இடுக்கிலும் மூடிக்குள்ளும் இவ்வளவு தண்ணீர் நின்றிருக்கிறது. பதினான்கு தரம் அதன் மேலேயே பிளீச்சை ஊற்றி, எடுத்து, ஊற்றி, எடுத்து. போத்தலில் கோடு மாறவே இல்லை. உள்ளே இருந்தது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்ஸாப் ஒரு கடதாசியில் போட்டுப் பார்த்தார். "கடைசியா ஊத்தக்குள்ள பாதிக்கும் கீழ. மூண்டில ஒரு பங்கு கொஞ்சம் கூட," என்றார். அவருக்கு இதெல்லாம் பயிற்சிக் கணக்கு. நான் பறக்கத்து என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன்.

உம்மாவிடம் சொன்னேன். "நான் சொன்ன ஒன்ட கையில பறக்கத்திரிக்கி எண்டு. போத்தல்ல எண்டு நான் எப்ப சொன்ன?" என்றா. இந்த வீட்டில் எல்லாருக்கும் நாக்கு நீளம்.

வீடியோவை அழித்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

படம் சாகவில்லை என்று அவர் பன்னிரண்டாம் திகதியே சொன்னார். நல்ல பிளீச்சில் திரும்பப் போட்டால் வரும் என்றார். விடிந்ததும் ஆகிலாவுக்குப் போன் எடுத்தேன். நெகட்டிவ் எங்கே, பத்திரமா என்றேன்.

"ராத்தா, உம்மா ஒரு சுருள எரிச்சிட்டா."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழம. அஸறுத் தொழுகைக்குப் பொறகு."

பொம்பிளைப் பிள்ளையின் முகம் குப்பை அள்ளும் மெசினில் ஊர் முழுக்கப் போகக்கூடாது என்று மாமி எப்போதும் இப்படித்தானாம். பழைய பாஸ்போர்ட் படத்தைக்கூட எரித்துத்தான் போடுவா. பின்வளவில் ஓலையைப் பற்ற வைத்து முதல் சுருளைப் போட்டிருக்கிறா, பார்க்கவென்று கொடுத்த சின்னப் பிரின்ட்களையும் சேர்த்து. பிலிம் உருகிக் கரும்புகை எழும்பி, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட, அந்தக் களேபரத்தில் ஆகிலா மற்ற மூன்றையும் பறித்துக்கொண்டு ஓடி அலுமாரிக்குள் பூட்டிவிட்டாள்.

ஞாயிறு அஸறுக்குப் பிறகு. பார்சல் வந்தது சனி காலை. ஞாயிறு அஸறுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? குழுவில் கோபமுகம் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து நிமிட வேலை. பத்து நிமிடம். மேசையில் கிடந்தது, நான் சுற்றிச் சுற்றி நடந்தேன், தொட மனம் வரவில்லை, ஏன், ஏனென்றால் நான் றுமானா, எனக்கு ஒருவன் சோதனை வைக்கக்கூடாது. தூ.

பெப்ரவரி 20, வியாழன்

நெகட்டிவை என் வீட்டுக்குத் தரமாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டா. "ஒருக்கா ஒன்ட ஊட்டுக்குப் போய்த்தான் பழுதாப் போன. செய்றெண்டா இஞ்ச வந்து செய், என்ட கண்ணுக்கு முன்னால." நியாயம்தான். நல்ல வேளை, ஒருக்கா பிக்ஸர் கண்ட பிலிமுக்கு வெளிச்சத்தில் பயமில்லை. கேதீஸ் அண்ணன் நேற்றே ஒரு முழுப் போத்தல் பஸ்ஸில் போட்டிருந்தார். நான் கேட்டு நாலே சொல் எழுதியிருந்தேன், அவரும் நாலே சொல்லில் பதில்.

அவர்களுடைய கிணற்றடியில், மாமரத்து நிழலில், நான்கு பேசின். ஆகிலாவும் அவள் உம்மாவின் தங்கச்சிகளான சாச்சிமாரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சுற்றி. மாமி கதிரை போட்டு இருந்தா, பரீட்சைக்குக் காவல் இருப்பது போல.

தொடங்குவதற்கு முதல் சொல்லவேண்டும் என்று இருந்தேன். சொன்னேன். "கொழும்பு மருந்துல ஒரு பிழையும் இல்ல மாமி. நான்தான் தண்ணிய வடிக்காம ஊத்தி ஊத்தி மருந்தக் கெடுத்த."

"அப்ப அண்டைக்கு ஏன் பழிய அவர்ல போட்டாய்?"

"அண்டைக்கு எனக்குத் தெரியா."

"தெரியாமலா அவ்வளவு சத்தம் போட்டாய்?"

ஒரு சாச்சி சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்தா. கையுறையை மாட்டிக்கொண்டு ஆறு படம் உள்ள முதல் கீலத்தைச் சுடுதண்ணீரில் நனைத்தேன். வடிய விட்டேன். நன்றாக வடிய விட்டேன், அத்தனை கண்ணும் பார்க்க. பிறகு பிளீச்.

மூன்று நிமிடத்தில் கறுப்பு வெளுக்கத் தொடங்கி, கீலம் முழுக்கப் பாலாடை மாதிரி மங்கிவிட்டது. மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டா. "என்ன புள்ள இது, இருந்ததும் போகுதே."

"போகல்ல மாமி. பொறுங்க."

பொறுங்க என்று சொல்லிவிட்டேன். வாசித்துத்தான் தெரியுமே தவிர, காய்ந்த நெகட்டிவை நான் ஒரு நாளும் திரும்பப் போட்டதில்லை. பத்து நிமிடம் விட்டேன். கழுவினேன். பிக்ஸரில் இறக்கினேன். அந்தப் பாலாடை ஓரத்திலிருந்து கரைந்து கரைந்து போக, உள்ளிருந்து நிறம் தெளிந்துகொண்டு வந்தது. தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தேன். கரி இல்லை. கண்ணாடி மாதிரி. கூறை இருக்கிற இடத்தில் நல்ல துலக்கமான பச்சைநீலம். நெகட்டிவில் சிவப்பு அப்படித்தான் தெரியும் என்று சொன்னேன். ஆகிலா ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்து, "பாருங்க, இந்தப் பச்சதான் என்ட கூற," என்று காட்டினாள்.

பதினெட்டுக் கீலம். பகல் ழுஹரிலிருந்து அஸறு வரை. ஒன்றும் பழுதில்லை.

எல்லாம் கொடியில் தொங்கின பிறகு மாமி கிட்ட வந்தா. எண்ணினா. மூன்று வரிசை.

"எரிஞ்சதுல என்ன இருந்த?" என்றா.

"மாப்புள வர முந்தி எடுத்த. நீங்களும் ஆகிலாவும்."

மாமி உள்ளே போய்விட்டா.

பெப்ரவரி 21, வெள்ளி

குழுவில் எழுதினேன். முதலில் எழுதியது எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, பெயரோடு, போத்தலின் படத்தோடு. பிளீச் குறையாவிட்டால் சந்தேகப்படுங்கள், கழுவின தண்ணீரை அரை நிமிடம் கவிழ்த்து வடியுங்கள், மாதத்துக்கு ஒருக்கா ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். நாற்பத்தேழு பேரில் ஒன்பது பேர்தான் இதைப் பார்த்திருக்கிறார்கள். திட்டுக்குக் கூடுகிற சனம் மன்னிப்புக்குக் கூடுவதில்லை. இந்தச் சனத்தில் முதல் ஆள் நான்தான்.

கேதீஸ் அண்ணனுக்கும் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் உட்பட ஆறு பேர் ஓடரை நிறுத்திவிட்டார்களாம். அவர்களுக்கு நானே எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க," என்றார். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அவர் சொல்லாதது சரி. ஆறு பேருக்கும் எழுதினேன்.

பெப்ரவரி 24, திங்கள்

பிரின்ட் எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூற்று எட்டு. சிவப்பு சிவப்பாக இருக்கிறது. சாச்சிமார் கையிலிருந்து கை மாற்றிப் பார்க்கிறார்கள். மாமி பார்த்தா, நல்லம் என்றா, குசினிக்குள் போனா.

ஆகிலா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். "முதல் சுருள்ல என்னென்ன எடுத்த நீங்க? ஞாபகம் இரிக்கா ராத்தா?"

ஞாபகம் இருக்கிறது. பிலிமில் முப்பத்தாறுதான் உண்டு, ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் அமத்துவேன், அதனால் மறக்காது. சொல்லத் தொடங்கினேன். ஐந்தாவது சொல்லும்போது அவள் கொப்பியையும் பேனையையும் எடுத்து என் மடியில் வைத்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல தாளில் எழுதினேன். ஒன்று: கட்டிலில் விரித்து வைத்த கூறை, மேலே ஒரு கை, யாருடையது என்று தெரியவில்லை. நான்கு: மருதாணிக் காலைத் தூக்கிப் பார்க்கிறாய். பன்னிரண்டு: மூத்தம்மா பால் கிண்ணத்தை நீட்டுகிறா, நீ வேண்டாம் என்கிறாய். இருபத்தொன்று: உம்மா உன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு அழுகிறா. இருபத்தாறு: நீ கண்ணாடியில், பின்னால் உம்மாவின் தோள் மட்டும். இப்படி முப்பத்தாறும். ஆகிலாவின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். படத்துக்குப் பதிலாய்த் தாள் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பெப்ரவரி 28, வெள்ளி

ஜும்மா முடிகிற நேரம் ஹப்ஸா மாமி போன் எடுத்தா. சலாம் சொல்லி முடிக்கவில்லை, தொடங்கிவிட்டா.

"இருவத்தொண்டாம் நம்பர்ல நான் அழுறன் எண்டு எழுதியிரிக்காய்."

"ஓம் மாமி."

"நான் அழல்ல. கலியாணத்தண்டைக்கு நான் ஒரு சொட்டு அழல்ல. கேட்டுப் பாரு எல்லாரையும். நான் சிரிச்சிக்கிட்டு நிண்ட."

அவவை ஒரு கை தூரத்தில் நின்று எடுத்தவள் நான். கண்ணீர் தாடைக்கு வந்து நிற்கும் வரை பொறுத்திருந்துதான் அமத்தினேன். அதைச் சொல்ல வாய் வரை வந்தது.

"அத மாத்தி எழுதித் தா. ஆல்பத்துல மொத பக்கத்துல ஒட்டியிரிக்கி. நாளைக்கு அவட புள்ளையள் எடுத்து வாசிக்கும். பிழையா இரிக்கப்படாது."

"சரி மாமி," என்றேன்.

புதுத் தாள் எடுத்து ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை திரும்ப எழுதினேன். இருபத்தொன்று: உம்மா உன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சிரிக்கிறா.